தட்டத் தெரியுது, எழுத வரல: தமிழ்ப்பள்ளி பிள்ளைங்களும் டிஜிட்டல் கருவிகளும்

போன மாசம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தா, ஆண்டு 2 படிக்கிறா, பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. அண்ணனோட ஹேண்ட்ஃபோன்ல ஒரு குவிஸ் ஓடிட்டு இருந்துச்சு, மேல ஒரு பறவை படம் வரும், கீழ நாலு சொல்லு வரும், சரியானதை தட்டணும். கொக்கு படம் வந்துச்சு, நான் கண்ணாடிய தேடி எடுத்து மாட்றதுக்குள்ள அவ தட்டி முடிச்சு அடுத்த படத்துக்கு போயிட்டா. 15க்கு 15. பட்டாசு வெடிக்கிற சத்தம் எல்லாம் வந்துச்சு. நமக்கு தான் வாய் சும்மா இருக்காதே, ஒரு பேப்பரையும் பென்சிலையும் குடுத்து "எங்க, கொக்குன்னு எழுது பாப்போம்" னேன்.

முதல்ல ஒரு க எழுதினா. அப்புறம் வலது பக்கம் ஒரு துணைக்கால் போட்டா. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, க-வுக்கு இடது பக்கம் இடமே இல்லாத இடத்துல கொம்பை நசுக்கி உள்ள தள்ளினா. அதுக்கு பக்கத்துல ஒரு கு. நடுவுல இருக்க வேண்டிய க் காணோம். "கொகு". என்னடா இதுன்னு கேட்டா, "அத்தை, ஃபோன்ல அதெல்லாம் தானா வந்துரும்" னு சொல்லிட்டு ஓடிட்டா.

பிள்ளை மேல தப்பே இல்ல. நாலுல ஒண்ணை பார்த்து இதுதான்னு கண்டுபிடிக்கிறது ஒரு வேலை, ஒண்ணுமே இல்லாத வெள்ளை பேப்பர்ல அந்த சொல்லை மனசுல இருந்து இறக்கி வைக்கிறது வேற வேலை. ரெண்டுக்கும் நம்ம ஒரே பேர் வச்சிருக்கோம், "தமிழ் படிக்கிறா"ன்னு. இப்ப பள்ளிக்கூடத்துல, டியூஷன்ல, வீட்டுல பிள்ளைங்க கையில குடுக்குற பெரும்பாலான ஆப்பு, குவிஸ், இயங்கலை பயிற்றி (இணையத்துல செய்யிற பயிற்சித்தாள்) எல்லாம் முதல் வேலையத்தான் பழக்குது, மார்க்கும் அதுக்குத்தான் குடுக்குது. நானும் பத்து வருஷமா சின்னதா டியூஷன் எடுக்கிறவ தான், நானே பிள்ளைங்களுக்கு அந்த மாதிரி குவிஸ் நிறைய செஞ்சு குடுத்திருக்கேன், அதனால இது யாரையும் குத்தி காட்டுறதுக்காக எழுதல. எது எதுக்கு உதவுது, எதுக்கு உதவல, ஏன் உதவலன்னு கொஞ்சம் பிரிச்சு பார்க்கலாம்னு தான்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. பினாங்குக்காரங்களுக்கு ஒரு பெருமை உண்டு, மலேசியாவுல தமிழ்க்கல்வி ஆரம்பிச்சதே நம்ம தீவுல தான், 1816ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு தொடங்குனாங்க, 2016ல 200 வருஷம் ஆச்சுன்னு நாடு முழுக்க கொண்டாடினோம். இப்ப நாடு முழுக்க 520க்கு மேல தமிழ்ப்பள்ளி, அதுல 28 பினாங்குல. இந்த பள்ளிங்களுக்கு கம்ப்யூட்டர் வந்த கதை மட்டும் ஒரு தொடர்கதை, ஒவ்வொரு அத்தியாயத்துலயும் கதாநாயகன் செத்து போயிருவான்.

1990கள் கடைசியில மல்டிமீடியா சூப்பர் காரிடார்ங்கிற அரசாங்க தகவல்தொழில்நுட்ப திட்டத்தை பத்தி பெருசா பேசின காலத்துல ஸ்மார்ட் ஸ்கூல் திட்டம் வந்துச்சு. 2003ல கணக்கும் அறிவியலும் இங்கிலீஷ்ல சொல்லிக் குடுக்கணும்னு வந்தப்ப டீச்சருங்களுக்கு லாப்டாப், புரொஜெக்டர், பெட்டி பெட்டியா சிடி எல்லாம் வந்துச்சு. அந்த காலத்து அசையும் பாடங்கள்ல நிறைய ஃப்ளாஷ்ங்கிற மென்பொருள்ல செஞ்சது, 2020 டிசம்பர் கடைசியோட ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடந்துச்சு, அதோட அந்த பாடங்களும் போச்சு. 2011ல ஒன் பெஸ்தாரிநெட் திட்டம், சுமார் 10,000 பள்ளிக்கு இணையம், கூடவே ஃப்ராக்னு ஒரு இணைய கற்றல் தளம். டீச்சருங்க உக்காந்து உக்காந்து அதுல பக்கம் பக்கமா பாடம் செஞ்சாங்க, போட்டி எல்லாம் வச்சாங்க. 2019 ஜூன் மாசத்தோட அதுவும் முடிஞ்சுது, கூகல் கிளாஸ்ரூமுக்கு மாறுங்கன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷமே டெலிமான்னு கல்வி அமைச்சோட இன்னொரு தளம் வந்துச்சு. கோவிட் நேரத்துல எல்லாரும் கத்துக்கிட்ட ஜாம்போர்டுங்கிற இணைய வெள்ளைப்பலகைய 2024 கடைசியில கூகலே நிறுத்திருச்சு.

ஏன் இதை எல்லாம் வரிசையா சொல்றேன்னா, மலாய், இங்கிலீஷ் டீச்சருக்கு ஒரு தளம் போனா இன்னொரு தளத்துல ரெடிமேடா பாடம் கிடைக்கும், சந்தை பெருசு. தமிழ் டீச்சருக்கு அப்படி இல்ல, அவங்க பயிற்றிய அவங்களே ராத்திரி உக்காந்து செய்யணும், தளம் செத்தா அந்த உழைப்பும் சேர்ந்து செத்துரும், மறுபடி அ-ல இருந்து ஆரம்பிக்கணும். ஃப்ராக்ல செஞ்ச பாடத்தை வெளிய எடுக்க முடியாம போனவங்க ரெண்டு பேரை எனக்கே தெரியும், அதுக்கப்புறம் அவங்க புதுசா எது வந்தாலும் "பார்ப்போம்"னு சொல்லிட்டு சும்மா இருந்துட்டாங்க. அதை சோம்பேறித்தனம்னு சொல்றவங்க ஒரு தடவை அந்த மாதிரி இழந்து பார்க்கணும்.

எழுத்துரு விஷயத்துலயும் இதே கதை தான். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் பரவுறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். என்கிட்ட 2000கள் தொடக்கத்துல அடிச்ச பயிற்றி ஒரு பெட்டி நிறைய இருக்கு, அச்செடுத்தது எல்லாம் நல்லா இருக்கு, ஆனா அதோட ஃபைலை திறந்தா புள்ளியும் கோடும் கேள்விக்குறியுமா ஏதோ ஜாதகம் மாதிரி வருது. அந்த சிக்கலை தீர்க்கிறதுல மலேசியாவுக்கு நல்ல பங்கு உண்டு, 1980கள்லயே முரசு அஞ்சல்ங்கிற தமிழ் தட்டச்சு மென்பொருளை உருவாக்கின முத்து நெடுமாறன் நம்ம நாட்டுக்காரர் தான், பிறகு ஹேண்ட்ஃபோன்ல தமிழ் தட்ட செல்லினம் கொண்டு வந்ததும் அவர் தான். இன்னைக்கு பாட்டியில இருந்து பேத்தி வரைக்கும் ஃபோன்ல தமிழ் தட்டுறாங்கன்னா அதுக்கு பின்னாடி இப்படி பல பேரோட பல வருஷ வேலை இருக்கு.

இப்ப அந்த "கொகு"வுக்கு திரும்பி வரேன், ஏன்னா அதுல தான் விஷயமே இருக்கு.

தமிழ்ல 247 எழுத்துன்னு சொல்றோம், 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம். ஆனா ஆண்டு 1 பிள்ளைக்கு உண்மையான கஷ்டம் அந்த எண்ணிக்கை இல்ல, குறிகளை எந்த பக்கம் போடுறதுங்கிறது தான். கி-ன்னா மேல கொக்கி, கு-ன்னா கீழ சுழி, அதுவும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. கெ, கே, கை வந்தா குறி முன்னாடி போயிரும். கொ, கோ, கௌ-ன்னா ரெண்டு பக்கமும் காவலுக்கு ஆள் நிக்கும். காதுல கேட்கிறப்ப முதல்ல க் வருது, அப்புறம் ஒ வருது. பேப்பர்ல எழுதுறப்ப முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். அதாவது வாயில இருந்து வர்ற வரிசையும் கையில இருந்து வர்ற வரிசையும் ஒண்ணு இல்ல. ஒரு பிள்ளை "கொ"ன்னு சரியா எழுதுதுன்னா, க-வை எழுதுறதுக்கு முன்னாடியே பின்னாடி வரப்போற உயிரை அது மனசுல புடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். ஆறு வயசு, ஏழு வயசு பிள்ளைக்கு இது சாதாரண வேலை இல்லங்க.

கீபோர்டுல என்ன நடக்குது? க-வை தட்டு, அப்புறம் ஒ-வை தட்டு, மெஷின் அதுவே கொம்பை முன்னாடி தூக்கி வச்சு காலை பின்னாடி வச்சு அழகா குடுத்துரும். ஒலி வரிசையில தட்டினா போதும். பெரியவங்களுக்கு இது வரம். எழுத கத்துக்கிற பிள்ளைக்கு, எந்த இடம் கஷ்டமோ சரியா அந்த இடத்தை மெஷின் செஞ்சு குடுத்துருது. அதனால தான் அண்ணன் மகள் முதல்ல க எழுதினா, அவ கை கீபோர்டு வரிசையில ஓடிச்சு.

இன்னொரு வேடிக்கை இருக்கு. ஃபோன்ல "க்"-ன்னு அடிச்சுட்டு ஒரு தடவை அழிக்கிற பட்டனை தட்டிப் பாருங்க, பல கீபோர்டுல எழுத்து போகாது, புள்ளி மட்டும் போயி "க" நிக்கும். "கொ"-வுல தட்டினா குறி ரெண்டும் போயி மறுபடி "க" நிக்கும். யூனிகோட்ல க தான் அடிப்படை, புள்ளிங்கிறது அதுக்கு மேல ஒட்டுற ஒரு குறி. நம்ம இலக்கணத்துல அப்படியே தலைகீழ், க் தான் மெய், அதோட அ சேர்ந்தா தான் க. வகுப்புல "க் கூட்டல் அ சமம் க"ன்னு டீச்சர் போர்டுல எழுதுவாங்க, ஃபோன் "க கூட்டல் புள்ளி சமம் க்"-ன்னு காட்டும். இங்கிலீஷ் எழுத்தை வச்சு அடிக்கிற அஞ்சல் முறையில மட்டும் k-யை தட்டினா க் வரும், அப்புறம் a-வை தட்டினா க ஆகும், அது இலக்கணத்தோட ஒத்து போகுது. ஆனா அந்த முறையில பிள்ளை தமிழ் சொல்லை இங்கிலீஷ் எழுத்துல யோசிக்குது, ல-வும் ள-வும் ழ-வும் எந்த எழுத்துன்னு தேடுறதுலயே தமிழ் போயிருது.

எனக்கு புடிச்சது தமிழ்99 தான், 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டோட வந்த விசைப்பலகை. உயிர் எல்லாம் இடது கை பக்கம், மெய் பெரும்பாலும் வலது கை பக்கம், 31 விசையில மொத்த 247-ம் வந்துரும். அதுல ஒரு அழகு என்னன்னா க-வை ரெண்டு தடவை தட்டினா முதல் க-வுக்கு அதுவே புள்ளி வச்சு "க்க" ஆக்கிரும், ங-வுக்கு பின்னாடி க தட்டினா "ங்க". ஆண்டு 4, 5 பிள்ளைங்களுக்கு இதை வச்சு இன எழுத்து சொல்லிக் குடுத்தேன், ஞ்ச, ண்ட, ந்த, ம்ப எல்லாம் ஏன் ஜோடி ஜோடியா திரியுதுன்னு அவனுங்களே கண்டுபிடிச்சு கத்தினானுங்க. ஆக கீபோர்டே கெட்டதுன்னு நான் சொல்லல. எழுத கத்துக்கிட்ட பிறகு அது நல்ல வாத்தியார், எழுத கத்துக்கிறப்ப அது வேலைய பறிக்கிற ஆளு.

சரி, கீபோர்டு வேணாம், டேப்ல விரலால எழுத்து மேல எழுத்து போடுற ஆப்பு இருக்கே, அது எழுதுறது தானேன்னு கேட்பீங்க. புள்ளி புள்ளியா எழுத்து இருக்கும், அம்புக்குறி காட்டும், விரலை அது மேல இழுத்தா ஒளிரும், நட்சத்திரம் விழும். 2012ல அமெரிக்காவுல இண்டியானா பல்கலைக்கழகத்துல கேரின் ஜேம்ஸ்ங்கிறவங்களோட ஒரு ஆய்வு வெளியாச்சு, இன்னும் படிக்க தெரியாத அஞ்சு வயசு பிள்ளைங்களை வச்சு. சில எழுத்தை கையால பார்த்து எழுத வச்சாங்க, சில எழுத்தை புள்ளிக்கோடு மேல எழுத வச்சாங்க, சில எழுத்தை கீபோர்டுல தட்ட வச்சாங்க. அப்புறம் மூளை ஸ்கேன்ல அந்த எழுத்துங்களை காட்டி பார்த்தா, கையால தானா எழுதின எழுத்துக்குத்தான் படிக்கிறப்ப வேலை செய்யிற பகுதிங்க நல்லா விழிச்சுது, மத்த ரெண்டுக்கும் அந்த அளவுக்கு இல்ல. சின்ன ஆய்வு தான், இங்கிலீஷ் எழுத்து தான், தமிழுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனா காரணமா அவங்க சொல்றது எனக்கு ரொம்ப பொருத்தமா படுது. பிள்ளை தானா எழுதுறப்ப ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கோணலா, வேற வேற மாதிரி வரும், அந்த பத்து கோணல் க-வையும் பார்த்து பார்த்து தான் எது க-வுக்கு முக்கியம், எது முக்கியமில்லன்னு கண்ணு கத்துக்குது. கோடு மேல இழுக்கிறப்ப கோணலுக்கு வழியே இல்ல. நம்ம தாத்தா பாட்டி காலத்துல மணல்ல விரலால எழுதினாங்க, அங்க வழிகாட்டுற புள்ளி எதுவும் கிடையாது, அழிச்சு அழிச்சு திரும்ப எழுதணும், கோணல் எல்லாம் அவங்களோடது தான்.

அப்ப இந்த டிஜிட்டல் கருவி எதுக்குத்தான் ஆகும்? என் அனுபவத்துல கைக்கு இல்ல, காதுக்கும் வாய்க்கும். அதாவது எழுதுறதுக்கு இல்ல, வாசிக்கிறதுக்கு.

இதை நான் கத்துக்கிட்டது 2020 மார்ச் 18ல கோவிடுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்ப. பள்ளி மூடியாச்சு, வீட்டுல இருந்தே படிக்கணும்னாங்க. அந்த வருஷம் கல்வி அமைச்சு பெத்தவங்ககிட்ட கேட்டு பார்த்ததுல கிட்டத்தட்ட 37 சதவீதம் பிள்ளைங்ககிட்ட எந்த சாதனமும் இல்லன்னு வந்துச்சு. மிச்சம் உள்ளவங்க கதையும் லேசு இல்ல. பிறை தொழிற்பேட்டையில ஷிஃப்டு வேலைக்கு போற அப்பா, வீட்டுல ஒரே ஒரு நல்ல ஃபோன், அது அப்பா பாக்கெட்ல, அவர் சாயங்காலம் ஏழரைக்கு வீட்டுக்கு வந்தா தான் ஃபோன் வரும், வந்தா அண்ணனுக்கு படிவம் 3 (ஒன்பதாவது வகுப்பு) வேலை, அக்காவுக்கு ஆண்டு 6, கடைசியில சின்னதுக்கு பத்து நிமிஷம். இந்த வீட்டுல போய் காலையில ஒன்பது மணிக்கு கூகல் மீட்ல வாங்கன்னா யார் வருவா. என் டியூஷன்ல 14 பிள்ளைங்க இருந்தாங்க, நேரலை வகுப்புக்கு அதிகமா வந்தது அஞ்சு பேர்.

பினாங்கு தீவுல இருந்து பாலம் தாண்டி பிறை பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு தினம் வர்ற ஒரு டீச்சர் என் தோழி, குறைநீக்கல் வகுப்பு, அதாவது படிப்புல பின்தங்கின பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுக்கிறவங்க. அவங்க தான் வழி சொன்னாங்க. நேரலைய விட்டுட்டாங்க. புலனத்துல, அதாங்க வாட்சாப்ல, ஒரு பத்தியை ஃபோட்டோ புடிச்சு போடுவாங்க, கூடவே அதை மெதுவா வாசிச்சு ஒரு ஆடியோ. பிள்ளை எப்ப ஃபோன் கிடைக்குதோ அப்ப அதை கேட்டு, தான் வாசிச்சு ஒரு ஆடியோ திருப்பி அனுப்பணும். ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினாலும் சரி. டேட்டாவும் கொஞ்சம் தான் ஆகும். அவ்வளவு தான் டெக்னாலஜி.

இது ஏன் வேலை செஞ்சுதுன்னு அப்புறம் யோசிச்சப்ப தான் புரிஞ்சுது. வகுப்புல 25 பிள்ளைங்க சேர்ந்து கோரஸா வாசிக்கிறப்ப யாருக்கு வாசிக்க வரலன்னு தெரியவே தெரியாது, வாசிக்க தெரிஞ்ச நாலு பேரோட குரல்ல மிச்சவங்க ஒளிஞ்சுக்குவாங்க. தனியா எழுப்பி வாசிக்க சொன்னா தடுமாறுற பிள்ளை கூச்சத்துல வாயே திறக்காது, பக்கத்துல இருக்கிறவன் சிரிப்பான். ஆடியோவுல யாரும் இல்ல. தப்பா போச்சுன்னா அழிச்சுட்டு திரும்ப வாசிக்கலாம். ஒரு பையன், அம்மா சொல்லித்தான் தெரியும், ஒரு நிமிஷ ஆடியோவுக்கு பதினோரு தடவை வாசிச்சிருக்கான், கேட்டா "நல்லா வரல, இருங்க"ன்னானாம். வகுப்புல யாராவது அவனை பதினோரு தடவை வாசிக்க வைக்க முடியுமா? திரும்ப திரும்ப வாசிச்சா தான் வேகம் வரும், வேகம் வந்தா தான் எழுத்தை கூட்டுறதுல இருந்து மூளை விடுபட்டு அர்த்தத்துக்கு போகும், இது வாசிப்பு சொல்லிக் குடுக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் தான்.

நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு இதுல இன்னொரு லாபமும் இருக்கு. வீட்டுல பேசுற தமிழ் "வந்துச்சு, போச்சு, சாப்ட்டியா", அதுலயும் பாதி மலாய், பாதி இங்கிலீஷ், முடிவுல ஒரு "லா". புத்தகத்துல "வந்தது, சென்றது, உண்டாயா". பிள்ளை எழுத்தை சரியா கூட்டி "சென்றது"ன்னு வாசிச்சாலும் அந்த சொல்லை அது காதால கேட்டதே இல்ல, அதனால உள்ள ஒண்ணும் ஒட்டாது. மலாய்ல இந்த பள்ளம் தமிழ் அளவுக்கு இல்ல, அதோட மலாய் எழுதுற ரூமி எழுத்து (இங்கிலீஷ் எழுத்து தான்) நேர்கோடு மாதிரி, பா-பி-பூ-ன்னு அசை புடிச்சா வாசிச்சிரலாம். நம்ம எழுத்துல க-வை பார்த்து கல்-லுக்கு ஒரு ஒலி, பகல்-லுக்கு ஒரு ஒலி, தங்கம்-முக்கு ஒரு ஒலின்னு மாத்திக்கணும், அது சொல்லை காதால கேட்டு பழகினவங்களுக்கு தான் தானா வரும். டீச்சர் ஆடியோவுல எழுத்துத்தமிழை உணர்ச்சியோட வாசிக்கிறப்ப, அந்த தமிழ் காதுல போய் உக்காருது. முன்னாடி காலத்துல இந்த வேலைய ரேடியோ செஞ்சுது.

இதையே மெஷின் செய்யிற ஆப்பும் இருக்கு. கூகலோட ரீட் அலாங் 2020ல தமிழ்லயும் வந்துச்சு, பிள்ளை சத்தமா வாசிச்சா தியான்னு ஒரு கார்ட்டூன் பொண்ணு கேட்டுட்டு இருக்கும், தடுமாறினா சொல்லிக் குடுக்கும். பிரதம் புக்ஸ்ங்கிற இந்திய பதிப்பகத்தோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ் கதைங்க இலவசமா கொட்டி கிடக்கு, காப்பியடிச்சா கேஸ் வராது, அச்செடுக்கலாம், மாத்தி எழுதலாம், அப்படி உரிமம் குடுத்திருக்காங்க. மாத்தி எழுதலாம்ங்கிறது தான் எனக்கு முக்கியம், ஏன்னா கதைங்க பெரும்பாலும் இந்தியாவுல இருந்து வர்றதால ரேஷன் கடை, கிராம பஞ்சாயத்துன்னு வரும், இங்க பிள்ளைங்க முழிக்கும். நான் ஒரு கதையில சந்தைய பசார் மாலாம் (ராத்திரி சந்தை) ஆக்கி, மாம்பழத்தை டுரியான் ஆக்கி குடுத்தேன், ஒரே சிரிப்பு, மூணு தடவை வாசிச்சானுங்க.

ஆனா மெஷின் காதை முழுசா நம்பிராதீங்க. ஒரு குரல் தட்டச்சு ஆப்பை வச்சு நானே சோதிச்சு பார்த்தேன். வேணும்னே "வாலைப்பலம் சாப்பிட்டேன்"னு லகரம் போட்டு சொன்னேன். அது சமர்த்தா "வாழைப்பழம் சாப்பிட்டேன்"னு எழுதிச்சு. "பல்லிக்கு போனேன்" னேன், "பள்ளிக்கு போனேன்"னு வந்துச்சு. மெஷின் காதால கேட்கிறது பாதி, முன்பின் சொல்லை பார்த்து ஊகிக்கிறது பாதி, அதனால நம்ம தப்பை அதுவே பெருந்தன்மையா திருத்திக்குது. கடிதம் அடிக்கிறவங்களுக்கு அது நல்லது. ல, ள, ழ பழகுற பிள்ளைக்கு அது பொய் சர்ட்டிஃபிகேட். அந்த பிள்ளை வாசிச்சது தப்புன்னு சொல்ல இன்னைக்கும் ஒரு மனுஷ காது தான் வேணும், அதுவும் ழகரத்துல கறாரா இருக்கிற காது.

எழுத்துப்பிழை காட்டுற சிவப்புக்கோடும் அப்படித்தான், தமிழ்ல ஒரு சொல்லுக்கு பின்னாடி வால் மேல வால் ஒட்டிட்டே போகும், சந்தி மாறும், அதனால சரியான சொல்லுக்கு கோடு போடும், "அவள் வந்தான்"னு எழுதினா கோடே போடாம விட்டுரும், ரெண்டுமே தனித்தனியா சரியான சொல்லு தானே. ஏஐ கட்டுரை எழுதிக் குடுக்கிற கதைய இங்க இழுக்கல, அது படிவம் 3க்கு மேல உள்ளவங்க தலைவலி, எழுத்துக்கூட்டுற வயசுக்கு அது சம்பந்தமே இல்ல.

இது எல்லாம் ஏன் இப்ப அவசரம்னா, நாடே வாசிப்புல சறுக்கிட்டு இருக்கு. 2019ல ஆறு தென்கிழக்காசிய நாட்டுல அஞ்சாம் ஆண்டு பிள்ளைங்களை வச்சு ஒரு பொது ஆய்வு நடந்துச்சு, மலேசியாவுல 58 சதவீதம் பேர் தான் தொடக்கப்பள்ளி முடிவுல வேண்டிய வாசிப்பு அளவை தொட்டாங்க, வியட்நாம்ல 82. பீசாங்கிற உலக நாடுகளோட ஆய்வுல நம்ம 15 வயசு பிள்ளைங்களோட வாசிப்பு புள்ளி 2018ல 415, 2022ல 388. ஆண்டு 6 முடிவுல எழுதின யுபிஎஸ்ஆர் தேர்வையும் 2021ல எடுத்தாச்சு. அந்த தேர்வு போனதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா ஆறு வருஷம் ஒரு பிள்ளை வாசிக்காமலே ஒளிஞ்சு போறது முன்ன விட சுலபம், அதுவும் குவிஸ்ல 15க்கு 15 எடுக்கிற பிள்ளையா இருந்தா சந்தேகமே வராது.

போன வருஷம் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்க கூட்டத்துல உக்காந்திருந்தேன், எந்த பள்ளின்னு வேணாம். பெரிய தொடுதிரை பலகை ஒண்ணு வாங்கணும், ஆயிரக்கணக்குல வெள்ளி (ரிங்கிட்) ஆகும், நன்கொடை திரட்டணும்னு பேச்சு. ஏற்கனவே ஒண்ணு இருக்கே, மண்டபத்துல துணி போர்த்தி வச்சிருக்கீங்களேன்னு ஒரு அப்பா கேட்டாரு. அது பேனா தொலைஞ்சு போச்சு, வேற பேனா இங்க கிடைக்கலன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம், அப்புறம் ஒருமனதா புதுசு வாங்க ஓட்டும் போட்டோம், நானும் தான் கை தூக்கினேன், வேற என்ன செய்ய, பக்கத்து பள்ளியில இருக்கு, நம்ம பள்ளியில இல்லன்னா பிள்ளைங்க அங்க போயிரும்னு பயம். தமிழ்ப்பள்ளிக்கு எண்ணிக்கை தான் உயிர், அதனால கண்ணுக்கு தெரியிற பொருளுக்கு காசு சீக்கிரம் சேரும். ஒரு டீச்சர் பிள்ளைங்க ஆடியோவை கேட்கிறதுக்கு தினம் அரை மணி நேரம் ஒதுக்கணும்னு எந்த கூட்டத்துலயும் தீர்மானம் போட்டு நான் பார்த்ததில்ல.

ஏன்னா அந்த வாட்சாப் முறையோட உண்மையான விலை அங்க தான் இருக்கு. 25 பிள்ளை, ஆளுக்கு ஒரு நிமிஷம், கேட்டு முடிச்சு ஆளுக்கு ஒரு வரி பதில் சொன்னா முக்கால் மணி நேரம் ஓடிரும். பதில் வரலன்னா மூணாம் நாள் பிள்ளை அனுப்புறதை நிறுத்திரும், அது எல்லா பிள்ளைக்கும் பொருந்தும். பள்ளி நேரத்துல அந்த டீச்சருக்கு ஃபாரம் நிரப்புற வேலை, மதிப்பீட்டு பதிவு, படம் புடிச்சு அறிக்கை அனுப்புற வேலை. நேர அட்டவணையில ஆடியோ கேட்கிறதுன்னு ஒரு கட்டம் கிடையாது.

பள்ளி திறந்து இத்தனை வருஷம் ஆகியும் என் தோழி அதை விடல, இப்பவும் வாரத்துல மூணு நாள் பிள்ளைங்க அனுப்புதுங்க. எப்ப தான் கேட்கிறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். "வீட்டுக்கு போறப்ப கார்ல தான், வாசிக்க வராத பிள்ளைய ரெண்டு தடவை போடுவேன்" னாங்க. பாலம் பதிமூணரை கிலோமீட்டர், அதுக்குள்ள முடிஞ்சுருமான்னேன். "ஜாம் இருந்தா எல்லா பிள்ளையும் கேட்டு முடிச்சிருவேன், ரோடு காலியா இருந்தா பாதி பேர் தான்."